ரேஷன் அரிசியில் விடுபடும் மெக்னீசியம்

புது தில்லி: பசுமைப் புரட்சிக்குப் பின் நாட்டின் தானியக் கையிருப்பு பெருகியது, ஆனால், கம்பு, சோளம், கேழ்வரகு ஆகியவை அன்றாட உணவில் பின்தள்ளப்பட்டன.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணைப்படி, 100 கிராம் கேழ்வரகில் சுமார் 146 மில்லிகிராம் மெக்னீசியம் உள்ளது. தீட்டிய அரிசியில் சுமார் 19 மில்லிகிராம் மட்டுமே. எஞ்சியது தவிட்டோடு ஆலையிலேயே நீங்கிவிடுகிறது. முழுக் கோதுமை மாவில் இச்சத்து தங்குவதால், கேழ்வரகின் இடத்தை அரிசி பிடித்த பகுதிகளிலேயே இழப்பு அதிகம்.

2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம் சிறுதானியங்களுக்கும் இடமளிக்கிறது. எனினும், மத்தியத் தொகுப்பில் அரிசியும் கோதுமையுமே பெரும்பங்கு வகிக்கின்றன. செறிவூட்டப்பட்ட அரிசித் திட்டத்திலும் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 ஆகியவையே சேர்க்கப்பட்டன, மெக்னீசியம் இடம்பெறவில்லை. ஆகவே, சிறுதானியக் கொள்முதலை விரிவுபடுத்துவதே இக்குறையை ஈடுசெய்வதற்கான நேரடி வழியாகும்.