பெயர் இல்லாத மழைக்குத்தான் பயப்படணும்

ஐப்பசி பிறந்தால் போதும், நம்ம வாட்ஸ்அப் குரூப்பில் மூணே கேள்விதான் ஓடும். "புயலா?" "பேர் என்ன வெச்சிருக்காங்க?" "நாளைக்கு லீவா?" வானிலை மையம் 'காற்றழுத்தத் தாழ்வுப் பகுதிதான்' என்று சொல்லிவிட்டால் குரூப் அமைதியாகிவிடும். அந்த "தான்" என்கிற ஒரு சொல்தான் ஆபத்து. ஸ்ரீமுஷ்ணம், சேத்தியாத்தோப்பு, காட்டுமன்னார்கோவில், சிதம்பரம் என்று வெள்ளாற்றுக்குப் பக்கத்து ஊர்களிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்களாவது இதை ஒரு தடவை யோசித்துப் பார்க்க வேண்டும்.

புயலுக்குப் பெயர் எப்போது வைக்கிறார்கள்? காற்றின் வேகம் மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால். 50 முதல் 61 வரை என்றால் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 31 முதல் 49 வரை வெறும் தாழ்வு மண்டலம். அதற்கும் கீழே தாழ்வுப் பகுதி. இந்த ஏணியில் எங்கேயாவது மழை என்ற வார்த்தை வருதா? வராது. இது முழுக்க முழுக்கக் காற்றை அளக்கும் ஏணி. நாம் அதை வெள்ளத்தை அளக்கும் ஏணியாக எடுத்துக்கொள்கிறோம்.

நடந்ததைப் பாருங்கள். 2015 நவம்பர் 9-ஆம் தேதி புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது ஓர் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். பெயர் கிடையாது. ஆனால் நெய்வேலியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. பண்ருட்டி பக்கம் பெரியகாட்டுப்பாளையத்தில் ஓடை வெள்ளம் வீடுகளை அடித்துப் போனதில் பலர் இறந்தார்கள். 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. காரணம், ஒரு தாழ்வுப் பகுதி. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. குமரிக்கடல் பக்கம் அப்போது இருந்தது வளிமண்டல மேலடுக்குச் சுழற்சி மட்டுமே. தாழ்வுப் பகுதி என்ற பட்டம்கூட அதற்கு இல்லை. செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் ஸ்ரீவைகுண்டத்தில் நாள் கணக்கில் மாட்டிக்கொண்டது அந்த மழையில்தான்.

இதற்கு நேர் எதிர் உதாரணமும் நம் மாவட்டத்திலேயே இருக்கு. 2011 டிசம்பர் 30-ல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய 'தானே'. பெயர் வைத்த, பலமான புயல். அது பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது காற்றால். தானேயைப் பார்த்தவர்கள் மனசில் "பேரிடர் என்றால் காற்று" என்று பதிந்துவிட்டது. நாலே வருஷத்தில் வந்த 2015 மழை, தண்ணீரால் வந்த பேரிடர். இரண்டும் வேறு வேறு. ஒன்றுக்குச் செய்த ஏற்பாடு இன்னொன்றுக்கு உதவாது.

சரி, காற்று பலமில்லாத அமைப்பு எப்படி இவ்வளவு மழையைக் கொடுக்குது? 2020 டிசம்பரில் வந்த 'புரெவி' நல்ல பாடம். அது வலுவிழந்து மன்னார் வளைகுடாவில் ராமநாதபுரம் பக்கமாக நகராமல் உட்கார்ந்துவிட்டது. மழை எங்கே கொட்டியது? 200 கி.மீ.க்கு மேல் வடக்கே, கொள்ளிடத்தில் 36 செ.மீ., சிதம்பரத்தில் 34 செ.மீ. நடராஜர் கோயிலுக்குள்ளேயே தண்ணீர் நின்றது. நம் பக்கம் தாழ்வு மையத்தைச் சுற்றிக் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுழலும். அதனால் மையத்துக்கு வடக்கே இருக்கிற ஊர்களுக்குக் காற்று கிழக்கிலிருந்து, அதாவது நேராகக் கடலிலிருந்து, ஈரத்தை அள்ளிக்கொண்டு வரும். கரையைத் தொட்டதும் தரையின் உராய்வில் வேகம் குறையும், பின்னால் வரும் காற்று முட்டிக்கொண்டு மேலே எழும், மேகமாகும். அமைப்பு நகராமல் நின்றால், கூட்ஸ் வண்டிப் பெட்டிகள் போல மேகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதே ஊர் மேல் வந்து இறக்கிவிட்டுப் போகும். பலமான புயல் பெரும்பாலும் சில மணி நேரத்தில் கடந்து போய்விடும். சோம்பேறித் தாழ்வு இரண்டு நாள் தங்கும். மழைக்கு வேகத்தைவிடத் தங்கல்தான் முக்கியம். டிவி வரைபடத்தில் 'மையம் நம்ம ஊருக்கு வரல' என்று நிம்மதியாகப் படுப்பதிலும் அர்த்தமில்லை.

கோடையில் இதற்கு எதிர்ப்பதமான ஒன்றைப் பார்க்கிறோம். ஏப்ரல், மே மாதத்து மாலையில் வெப்பச் சலனத்தால் மேகம் மளமளவென்று உயரும். நம் ஊரில் சுமார் 5 கி.மீ. உயரத்துக்கு மேல்தான் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும். மேலெழும் காற்று பலமாக இருந்தால் துளிகள் அங்கே உறைந்து ஆலங்கட்டியாகும். கீழே வரும் வழியில் சின்னதெல்லாம் கரைந்துவிடும், பெரியது மட்டும் தரையைத் தொடும். 1888 ஏப்ரல் 30-ல் உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத் அருகே ஆலங்கட்டி மழையில் 246 பேர் இறந்தது இன்றுவரை உலக சாதனைப் பட்டியலில் இருக்கு. அதனால் அதையும் லேசாக எண்ண முடியாது. ஆனால் பொதுவாக அது அரை மணி, ஒரு மணி சமாச்சாரம், சில ஊர்களோடு முடியும். ஆலங்கட்டி விழுந்தால் பத்து ரீல்ஸ் வரும். நவம்பரில் ராத்திரி முழுக்க ஒரே சீராகப் பெய்யும் மழையை யாரும் ரீல்ஸ் போடுவதில்லை. சம்பா பயிரை மூழ்கடிப்பது அந்த இரண்டாவது மழைதான்.

இனி எச்சரிக்கை பற்றி. 24 மணி நேரத்தில் 204.4 மி.மீ.க்கு மேல் போனால் 'அதிகனமழை'. ரெட் அலர்ட் அதற்குத்தான். அதற்கு மேலே படி இல்லை. 21 செ.மீ.யும் அதிகனமழை, காயல்பட்டினத்தின் 95 செ.மீ.யும் அதிகனமழை. தவிர, அலர்ட் வருவது மாவட்டத்துக்கு. கடலூர் மாவட்டம் சுமார் 3,700 சதுர கி.மீ. ஒரு கணக்குப் போடலாம். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். வீராணம் ஏரியின் முழுக் கொள்ளளவு 1.465 டிஎம்சி, அதாவது சுமார் 4.15 கோடி கன மீட்டர். 40 செ.மீ. மழை வெறும் 104 சதுர கி.மீ.யில், சுமாராக 10-க்கு 10 கி.மீ. சதுரத்தில் பெய்தால், ஒரு முழு வீராணம் வானத்திலிருந்து இறங்கிவிட்டது என்று பொருள். அந்தச் சதுரம் மாவட்டத்தில் மூன்று சதவீதம்கூட இல்லை. எந்த மூன்று சதவீதம் என்று ரெட் அலர்ட் சொல்லாது.

உள்ளூர் மழை மட்டும் கணக்கல்ல. கல்வராயன் மலையில் பெய்வது மணிமுக்தாற்றில் இறங்கி, ஸ்ரீமுஷ்ணம் பக்கம் வெள்ளாற்றோடு சேர்ந்து, சேத்தியாத்தோப்பு அணைக்கட்டைத் தாண்டி, பரங்கிப்பேட்டையில் கடலுக்குப் போகிறது. வெயில் அடிக்கும்போதே ஆறு ஏறலாம். பூமியைத் தண்ணீரிலிருந்து தூக்கிவந்த பூவராகர் ஸ்ரீமுஷ்ணத்தில் இருக்கிறார், சரி. எல்லா வருஷமும் அவரையே வேலை வாங்கக் கூடாது இல்லையா?

"எந்த ஊரில் எத்தனை செ.மீ. என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது" என்று வானிலை ஆய்வாளர்கள் சொல்வது நியாயம். மழை மேகம் திரள்வதை ஊர் வாரியாக முந்தின நாளே கணிக்க இன்றைய மாடல்களால் முடியாது. ஆனால் பெய்ய ஆரம்பித்த பிறகு? காரைக்கால் டாப்ளர் ராடாரிலிருந்து ஸ்ரீமுஷ்ணம் சுமார் 70 கி.மீ.தான். மேகம் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வருவது அதில் தெரியும். அடுத்த மூணு மணி நேரம் என்ன ஆகும் என்பது கணிப்பைவிடக் கவனிப்பு சம்பந்தப்பட்டது. ராத்திரி 11 மணிக்கு "இதுவரை 18 செ.மீ., இன்னும் நிற்கவில்லை, ஓடைக்கரை வீடுகளைக் காலி பண்ணுங்க" என்று ஒரு செய்தி போனால், அதற்கு எந்தப் புயல் பெயரும் தேவையில்லை.

ஆகவே என் கருத்து இரண்டு. ஒன்று, எச்சரிக்கை தண்ணீர் மொழியில் வரணும். காற்று வேகத்தோடு, மணிக்கு மணி மழையளவும், எந்த ஓடை, எந்த ஏரி, எந்தத் தெரு என்பதும் சேர்ந்து வரணும். இரண்டு, நாமும் சும்மா இருக்கக் கூடாது. சிவில் படிப்பவர்கள் ஹைட்ராலஜி பேப்பரில் மழைமானி படம் வரைந்து மார்க் வாங்குகிறோம். சென்சார் பிராஜெக்ட் பண்ணும் இசிஇ பசங்க தானியங்கிப் பூந்தொட்டிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறார்கள். இருவரும் சேர்ந்தால் ஒரு டிப்பிங் பக்கெட் மழைமானியும் ஒரு சிம் கார்டும் செய்ய ஒரு செமஸ்டர் போதும். அதுவும் வேண்டாம் என்றால், நேரான சுவர் உள்ள ஒரு டப்பாவும் ஸ்கேலும் மொட்டை மாடியும் போதும். வானிலைத் துறையின் மழை நாள் காலை 8.30-க்கு முடியும், அதே நேரத்தில் படியுங்கள். கனமழை நாளில் மணிக்கு ஒருமுறை. விருத்தாசலம் முதல் சிதம்பரம் வரை பஸ் ரூட்டில் ஊருக்கு ஒரு மாணவர் என்றால்கூட, இன்று காலியாக இருக்கிற எத்தனையோ புள்ளிகள் வரைபடத்தில் நிரம்பும்.

இந்த ஐப்பசியிலும் குரூப்பில் "பேர் என்ன?" என்று யாராவது கேட்பார்கள். "உங்க ஊர்ல இந்த ஒரு மணி நேரத்துல எத்தனை மி.மீ.?" என்று திருப்பிக் கேளுங்கள்.