வேகம் வேண்டும், சூடு வேண்டாம்!

கம்ப்யூட்டரில் "ரேம்" என்ற நினைவகப் பலகை இருக்கிறது. அதைக் குறித்த வேகத்துக்கு மேல் விரட்டுவதற்கு "ஓவர்கிளாக்கிங்" என்று பெயர். விரட்டலாம். கண்ணை மூடிக்கொண்டு விரட்டக் கூடாது!

கடையில் 6400 என்ற எண்ணைக் கண்டதும் பணத்தை நீட்டாதீர்கள். பக்கத்தில் "சி.எல்." என்று இன்னோர் எண் இருக்கும். அது தாமதத்தைக் காட்டுவது. சி.எல். 30 உள்ள 6000 பலகை, கேட்டதைக் கொடுக்கத் தொடங்க 10 நானோ விநாடி போதும். சி.எல். 40 உள்ள 6400 பலகைக்கோ 12.5 நானோ விநாடி ஆகும். பெரிய எண் எல்லாவற்றிலும் முந்திவிடாது.

அடுத்தது சூடு. டி.டி.ஆர். 5 ரகப் பலகைக்கு நிர்ணயித்த மின் அழுத்தம் 1.1 வோல்ட். விரட்டுவதற்காக 1.35, 1.4 என்று ஏற்றினால் சூடும் ஏறும். நினைவகத்தில் செய்திகள் சிறு சிறு மின்னூட்டமாகத்தான் தங்கியிருக்கின்றன. சூட்டில் அது சீக்கிரம் கசியும். கணக்குப் பிசகும், கல்யாணப் படம் கெடும். முன்னறிவிப்பே இல்லாமல்!

வண்ண விளக்குக்குக் கொடுக்கும் காசை நல்ல விசிறிக்குக் கொடுங்கள். பலகைகளின் மேல் காற்று ஓடட்டும். வேகத்தை ஏற்றியதும் "மெம்டெஸ்ட் 86" சோதனையை ஓர் இரவு ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் வேகத்தைக் குறையுங்கள்.

பிழை செய்யாத வேகமே வேகம்!