நலவாழ்வுப் பக்கம்: பரிமாறும் கையும் மருந்தே



பண்டிகைக் காலம் நெருங்கும்போதெல்லாம் நம்மவர் வீடுகளில் ஒரு கேள்வி எழுவது வழக்கம். "எனக்குச் சலரோகம். நான் பலகாரம் சாப்பிடலாமா, கூடாதா?" யாழ்ப்பாணத்தவர் சலரோகம் என்பார்கள், தமிழகத்தவர் சர்க்கரை வியாதி என்பார்கள், புத்தகங்களில் நீரிழிவு என்று எழுதுவார்கள். பெயர் எதுவாயினும் கேள்வி ஒன்றுதான். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சாப்பிடலாம். ஆனால் எவ்வளவு, எப்போது, எதனோடு என்பதைச் சாப்பிடுகிறவர்தாம் தீர்மானிக்க வேண்டும்; பரிமாறுகிறவர் தீர்மானிக்கக் கூடாது. ஆகவே இக்கட்டுரை நோயுள்ளவருக்கு மட்டும் எழுதப்பட்டதன்று. அவரை விருந்துக்கு அழைக்கும் நம் எல்லோருக்கும் எழுதப்பட்டது.

ஊரிலே தீபாவளி ஒரு நாள். பொங்கல் இரண்டு மூன்று நாள். இங்கே அப்படியில்லை. நியூ சவுத் வேல்ஸில் இவற்றுக்குப் பொது விடுமுறை கிடையாதாகையால் சனி, ஞாயிறு பார்த்தே கொண்டாடுகிறோம். டூங்கபியில் ஒரு சனி, வென்ற்வேர்த்வில்லில் மறு சனி, பெண்டில் ஹில்லில் அதற்கடுத்த ஞாயிறு என்று ஒரே தீபாவளி நான்கைந்து வாரம் நீளும். அதற்கு முன் நவராத்திரி. பின் கார்த்திகை விளக்கீடு, நத்தார் விடுமுறை, ஆங்கிலப் புத்தாண்டு, தைப்பொங்கல். "இன்றைக்கு ஒரு நாள்தானே" என்ற சமாதானம் ஊருக்குப் பொருந்தியிருக்கலாம். இங்கே அந்த ஒரு நாள் இருபது நாளாகிவிடுகிறது.

இரத்தம் இக்கணக்கை மறப்பதில்லை. எச்பிஏ1சி என்ற பரிசோதனை, கடந்த இரண்டு மூன்று மாதங்களில் இரத்தத்தில் ஓடிய சீனியின் சராசரியைக் காட்டுவது. தை மாதத்தில் அதைச் செய்தால் நவராத்திரிக்குப் பின் நடந்த விருந்துகளின் கணக்கு அதில் வந்து நிற்கும். பரிசோதனைக்கு முந்திய நாள் மட்டும் பட்டினி கிடந்து அதை ஏமாற்ற முடியாது.

இந்த வியாதி ஏன் நம்மவரை இவ்வளவு தேடி வருகிறது என்று கேட்கலாம். பரம்பரை ஒரு காரணம். ஆனால் அது மட்டுமன்று. 1987-ல் மொரீசியஸ் தீவில் மெல்போர்ன் பேராசிரியர் போல் சிம்மெற் முதலியோர் நடத்திய ஆய்வில், இந்திய வம்சாவளியினர் மட்டுமல்லாமல் அங்குள்ள சீனரிடமும் கிரியோல் மக்களிடமும் இந்நோய் மிகுந்திருக்கக் கண்டார்கள். ஆகவே மாறிய வாழ்க்கைமுறைக்கும் பெரும் பங்குண்டு. மாறியதைத் திருப்பவும் கூடும். சென்னையில் டாக்டர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர், நோயின் வாசலில் நின்ற 531 பேரைப் பிரித்து மூன்றாண்டு கவனித்து 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். சாதாரண ஆலோசனை மட்டும் பெற்ற பிரிவில் நூற்றுக்கு 55 பேர் நோயாளரானார்கள். உணவையும் நடையையும் ஒழுங்கு செய்யத் தொடர்ந்து தூண்டப்பட்ட பிரிவில் அது 39 ஆயிற்று. அவர்கள் நம்மைப் போலச் சோறும் சாம்பாரும் உண்டவர்கள்தாம்.

நம்மவருக்கு இடுப்பின் அளவும் ஓர் எச்சரிக்கை. அவுஸ்திரேலிய அபாயக் கணிப்பில் ஆசிய வம்சத்தவருக்குத் தனி அளவு வைத்திருக்கிறார்கள்: ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80. அதைத் தாண்டினால் புள்ளிகள் ஏறும். பார்வைக்கு மெலிந்தவரும் அளவு நாடாவை ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது.

இனிப் பலகாரத் தட்டுக்கு வருவோம். நம்மில் பலர் சீனியை மட்டும் எதிரியாகக் கருதி, சர்க்கரையையும் பனங்கட்டியையும் தேனையும் நண்பராக்கிக் கொள்கிறோம். இது பெரும் பிழை. வெல்லமும் பனங்கட்டியும் பெரும்பாலும் சீனியேதான். நிறமும் மணமும் சிறிது கனிப்பொருளும் கூடுதலாக இருக்கலாம், இரத்தத்துக்கு வேற்றுமை தெரியாது. அதேபோல் முறுக்கிலே இனிப்பில்லை என்று ஏமாறவும் கூடாது. அரிசிமாவும் வயிற்றுக்குள் சென்றால் சீனியாகத்தான் மாறும். எண்ணெயின் பாரமும் சேரும். குரக்கன் மாவுதானே என்று புட்டை இரட்டிப்பாக உண்பதும் இதே வகைதான். நைஸாக அரைத்த எந்த மாவும் விரைவில் செரிக்கும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 200 கிராம் அரிசி, 50 கிராம் பயற்றம்பருப்பு, 300 கிராம் சர்க்கரை சேர்த்துப் பொங்கிப் பத்துப் பேருக்குப் பகிர்ந்தால், ஒருவர் பங்கில் மாச்சத்தும் சீனியுமாக ஏறத்தாழ 45 கிராம் இருக்கும். ஒரு துண்டுப் பாணில் உள்ளது சுமார் 15 கிராம். ஆகவே ஒரு கிண்ணச் சர்க்கரைப் பொங்கல் மூன்று துண்டுப் பாணுக்குச் சமம். இரண்டு மேசைக்கரண்டி எடுத்தால் ஏறத்தாழ ஒரு துண்டு. பிரசாதம் பிரசாதமாகவே இருக்கட்டும்; அதை உணவாக்கிவிட வேண்டாம் என்பதே நாம் சொல்வது.

எல்லா மாச்சத்தும் ஒரே வேகத்தில் இரத்தத்தில் ஏறுவதில்லை. ரொறன்ரோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் 1981-ல் இந்த வேகத்தை அளக்கும் முறையொன்றை வெளியிட்டார்கள். கிளைசீமிக் குறியீடு என்று பெயர். 55-ம் அதற்குக் கீழும் மெதுவானவை. 70-ம் அதற்கு மேலும் விரைவானவை. இம்முறையை உலகெங்கும் பரப்பியவர்களில் முக்கியமானவர் நமது சிட்னிப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியை ஜெனி பிராண்ட் மில்லர். இவ்வளவுகோலை நம் பண்டிகைகளுக்குப் பிடித்துப் பார்த்தால் நவராத்திரிக்குத்தான் முதற் பரிசு. கொண்டைக்கடலை, பயறு, கௌப்பி ஆகிய சுண்டல் வகைகள் எல்லாம் மெதுவானவை. புரதமும் நார்ச்சத்தும் உள்ளவை. தேங்காய்ப்பூவை மட்டும் சற்றுக் குறைத்தால் போதும். தீபாவளிக்கும் ஒரு தட்டுச் சுண்டல் வைத்தால் யார் தடுக்கப் போகிறார்கள்?

சோற்றிலும் தெரிவு உண்டு. பாஸ்மதி பொதுவாக மற்றப் பல பச்சரிசிகளைவிட மெதுவானது. நியூ சவுத் வேல்ஸிலேயே உருவான டூங்கரா என்ற நெல் இனமும் அமைலோஸ் மிகுந்த, மெதுவான வகை. எந்த அரிசியானாலும் அளவு மீறினால் குறியீடு காப்பாற்றாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

உண்ணும் வரிசையும் கவனத்துக்குரியது. வாழையிலையில் முதலில் இனிப்பைத் தொட்டு வைப்பது மங்கலம். ஒரு நுனி நாவில் வைத்து வழக்கத்தை நிறைவேற்றிவிடுங்கள். பின் கறி, பருப்பு, சம்பல், தயிர்ப்பச்சடி ஆகியவற்றை முதலில் உண்டு, சோற்றைப் பிறகும் பாயசத்தைக் கடைசியிலும் சிறிதாகக் கொள்ளுங்கள். காய்கறியும் புரதமும் முன்னே சென்றால் பின்னே வரும் மாச்சத்து மெதுவாக ஏறுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

சாப்பிட்டதும் கதிரையில் சாயாதீர்கள். நியூசிலாந்தின் ஒற்றாகோ பல்கலைக்கழகத்தார் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், நாளில் ஏதோ ஒரு நேரம் 30 நிமிடம் நடப்பதைவிட, ஒவ்வொரு உணவுக்குப் பின்னும் 10 நிமிடம் நடந்தவர்களுக்கு உணவுக்குப் பிந்திய சீனி சராசரியாக 12 வீதம் குறைவாக இருந்தது. இராச்சாப்பாட்டுக்குப் பின் குறைவு 22 வீதம். ஒக்ரோபர் முதல் இங்கு நேரம் முன்தள்ளப்படுவதால் மாலை வெளிச்சம் நீண்டிருக்கும். விருந்து முடிந்ததும் வீட்டுக்காரரும் விருந்தினரும் பிள்ளைகளுமாக டூங்கபி ஓடைப் பக்கம் ஒரு நடை போய் வரலாம். ஊர்க்கதை பேசக் கதிரைதான் வேண்டும் என்றில்லை.

இதுவரை சொன்னது அதிகமாக உண்பதைப் பற்றி. உண்ணாதிருப்பதும் ஆபத்தாகலாம். தீபாவளி முடிந்த கையோடு வளர்பிறைப் பிரதமையில் கந்தசஷ்டி விரதம் தொடங்குகிறது. மேஸ் ஹில் முருகன் கோயிலுக்குச் சென்று ஆறு நாளும் நோற்பவர்கள் நம்மிடையே பலர். வாரக்கணக்கில் பலகாரம், உடனே ஆறு நாள் பட்டினி, ஏழாம் நாள் பாறணை என்று உடம்பை ஊஞ்சலாட்டுகிறோம். இன்சுலின் போடுபவர்களும், கிளிக்கிளசைட், கிளிமெபிரைட் போன்ற மாத்திரை எடுப்பவர்களும் வழக்கமான அளவை எடுத்துவிட்டுப் பட்டினி இருந்தால் சீனி திடீரென விழுந்துவிடும். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் மாத்திரைகள் வேறு வகை. அவற்றோடு நீண்ட பட்டினி கிடந்தால், சீனி அளவு பெரிதாக ஏறாமலே இரத்தம் அமிலமாகும் அபாயம் உண்டு. வாந்தி, வயிற்று நோவு, மூச்சிரைப்பு கண்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஆகவே விரதத்துக்குச் சில வாரம் முன்பே வைத்தியரிடம் சென்று, "இத்தனை நாள் இப்படி நோற்கப் போகிறேன்" என்று சொல்லுங்கள். மருந்தை நீங்களாக நிறுத்துவதும் கூடாது; "இன்று லட்டு தின்றேன்" என்று நீங்களாகக் கூட்டுவதும் கூடாது. பாலும் பழமுமாக நோற்பதும் ஒருபொழுது நோற்பதும் நம் மரபில் உள்ளவைதாம். நோயுள்ளவரை வருத்திக்கொள்ளும்படி முருகப்பெருமான் கேட்கவில்லை.

சீனி 4-க்குக் கீழே இறங்கினால் கைநடுக்கம், வியர்வை, தடுமாற்றம், காரணமில்லாத கோபம் ஆகியவை தோன்றும். அப்போது லட்டு உதவாது. அதிலுள்ள நெய் சீனியைத் தாமதப்படுத்தும். மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலந்தோ, ஆறேழு ஜெலி பீன்ஸோ கொடுத்து, 15 நிமிடத்தில் மீண்டும் சோதியுங்கள். இன்னும் குறைவாயிருந்தால் திரும்பக் கொடுங்கள். ஏறியபின் ஒரு துண்டுப் பாண் போன்ற ஆகாரம் கொடுக்க வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து 000-ஐ அழையுங்கள். இன்சுலினோ மேற்சொன்ன சீனி இறக்கும் மாத்திரைகளோ எடுப்பவர்கள் கார் ஓட்டுமுன் 5-க்கு மேல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது இந்நாட்டு விதிமுறை. பூசை முடியும்வரை வெறும் வயிற்றோடிருந்து பிறகு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓட்டுகிறவர்கள் இதை மறக்கலாகாது.

எண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சென்னையிலுள்ள அண்ணா "எனக்கு 180" என்பார். இங்கே தங்கை "எனக்கு 10" என்பாள். இரண்டும் ஒன்றே. இந்திய எண்ணை 18-ஆல் வகுத்தால் அவுஸ்திரேலிய எண் வரும். விடுமுறைக்கு வந்து தங்கும் பெற்றோரின் எண்களையும் அப்படியே மாற்றிப் பாருங்கள். வெறும் வயிற்றில் 4 முதல் 7, உண்டு இரண்டு மணி கழித்து 5 முதல் 10 என்பது பொதுவான இலக்கு. வயதுக்கும் உடல்நிலைக்கும் ஏற்ப வைத்தியர் மாற்றிச் சொல்லலாம். மெடிகேர் உள்ளவர்கள் குடும்ப வைத்தியர் வகுக்கும் திட்டத்தின்கீழ் ஆண்டுக்கு ஐந்து தடவை வரை உணவியலாளர், பாத பராமரிப்பாளர் போன்றோரிடம் உதவிப் பணத்துடன் செல்லலாம். ஆங்கிலம் சிரமமான பெரியவர்களுக்கு 131 450 என்ற இலக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம்.

கடைசியாக விருந்தளிப்பவர்களுக்கு. திருவள்ளுவர் 'மருந்து' என்ற அதிகாரத்தில் எந்த மருந்தின் பெயரையும் சொல்லவில்லை. பத்தில் ஆறு குறள் உண்ணும் அளவைப் பற்றியவை. முடிவாக மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கிறார்: நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து பேணுபவர். பண்டிகை வீட்டில் அந்த நான்காமவர் வேறு யார்? கரண்டி பிடித்து நிற்பவர்தாம். "மாமி, இன்னும் ஒன்று, எனக்காக ஒன்று" என்று நாம் மூன்று தடவை வற்புறுத்தினால், மரியாதைக்குப் பணிந்து அவர் சாப்பிடுவார். வீட்டுக்குப் போய் இன்சுலினோடு மல்லுக்கட்டுவது அவர் ஒருவரே. சிறிய பலகாரமாகச் சுடுங்கள். பாயசத்தைச் சிறு கிண்ணத்தில் வையுங்கள். சோடாவோடு தண்ணீரும் மோரும் மேசையில் இருக்கட்டும். சாப்பாட்டு நேரத்தைச் சொன்னபடி காப்பாற்றுங்கள்; மருந்தெடுத்தவர் பசியோடு பத்து மணிவரை காத்திருக்கலாகாது. இவருக்குச் சலரோகம் என்று சபையறியச் சொல்லித் தனித்தட்டு நீட்டாதீர்கள். எல்லோருக்கும் ஒரே மேசை, அவரவர் கையால் அவரவர் அளவு என்று வைத்துவிட்டால் யார் முகமும் வாடாது. ஒருவர் "போதும்" என்றால் அந்தச் சொல்லை முதல் தடவையிலேயே ஏற்றுக்கொள்வதுதான் இந்நாளில் சிறந்த உபசாரம்.