தேயிலைப் பெட்டியும் மின் கிற்றாரும்

கண்டி நகரில் இசைக்கருவிகள் விற்கும் கடையொன்றின் வாயிலில், சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுதில் மழைக்கு ஒதுங்கி நின்றேன். எனக்கு முன்னரே அங்கு இருவர் நின்றனர். ஒருவர் ஐம்பதை அண்டிய வயதினர். ஹந்தானைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்தவர் என்பது பேச்சினிடையே தெரிந்தது. மற்றவன் அவருடைய மகன். பதினாறு பதினேழு வயதிருக்கும். கண்ணாடிக்குப் பின்னே தொங்கிய செந்நிற மின் கிற்றார் ஒன்றைவிட்டு அவன் கண்கள் அகலவில்லை. மழை விடுவதாயில்லை. தந்தையார் மெல்ல உள்ளே சென்று விலை கேட்டார். கடைக்காரர் சொன்ன தொகையைக் கேட்டுச் சற்றுநேரம் பேசாமல் நின்றார்.

"முந்தி இதுல பாதிதானே சொன்னீங்க, முதலாளி?"

"டொலர் ஏறிப்போச்சு ஐயா, நாங்க என்ன செய்ய? பொக்ஸ் கிற்றார் ஒண்ணு பாருங்க. தம்பிக்குப் பழக அது போதும்."

"வேணாம்ப்பா, போகலாம்" என்றான் பையன். மழை நிற்குமுன்னரே இருவரும் இறங்கி நடந்துவிட்டனர்.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் ஓர் அமெரிக்க டொலர் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாவாயிற்று. பின்னர் இறங்கி 300 ரூபாவை ஒட்டி நின்றது. இதற்கிடையில், 8 சதவீதமாயிருந்த பெறுமதி சேர் வரி 12, 15 எனப் படியேறி 2024 ஜனவரியில் 18 சதவீதத்தை அடைந்தது. தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளமோ 2021இல் 1000 ரூபாவாகவும், 2024இல் 1350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. இந்த எண்களைப் பக்கத்திற் பக்கத்தில் வைத்துப் பார்த்தல் வேண்டும். தொடக்கநிலைக் கருவியொன்றின் விலை 200 டொலர் என்று ஒரு கணக்கிற்காக வைத்துக்கொள்வோம். சுங்க வரியையும் கடைக்காரரின் இலாபத்தையும் சேர்க்காமலே, முன்பு 43,200 ரூபா. அஃதாவது 43 நாள் உழைப்பு. 2022 மே மாதத்தில் அது ஏறத்தாழ 78 நாள் உழைப்பாகியது. டொலர் இறங்கி, சம்பளமும் உயர்ந்தபின் 70,800 ரூபா. 52 நாள் உழைப்பு. உண்ணாமலும் உடுக்காமலும் பேருந்தில் ஏறாமலும் சேர்த்தாற்றான் இந்தக் கணக்கு. சம்பளம் ஏறியது உண்மை. கிற்றார் அதனை முந்திக்கொண்டு ஏறியது என்பதும் உண்மை.

மின் கிற்றாரை வாங்குவதோடு செலவு முடிவதுமில்லை. அதன் உடல் திண்ணிய மரக்கட்டை. ஒலியை எழுப்பிப் பெருக்கும் கூடு அதற்கில்லை. உருக்குத் தந்தி அதிரும்போது, அதன் கீழேயுள்ள காந்தத்தைச் சுற்றிய ஆயிரக்கணக்கான செப்புக்கம்பிச் சுற்றுகளில் நுண்ணிய மின்னோட்டம் பிறக்கின்றது. அதனைப் பெருக்கித் தரும் பெட்டி ஒன்று இல்லையேல் அக்கருவி ஊமை. பெட்டி மின்சாரத்தைத் தின்றுவிடும் என்று அஞ்சுவோர் உளர், அது வீண்பழி. பழகுவதற்கான சிறு பெட்டி ஒரு மின்குமிழ் அளவுக்கே உண்ணும். அதனை வாங்கும் பணந்தான் முட்டுக்கட்டை.

விலையேற்றம் முழுவதும் நமது ரூபாவின் குற்றமுமன்று. 2017 ஜனவரியில், சருவதேச ஒப்பந்தத்தின்படி, ஈட்டி மரத்தின் இனமான தல்பெர்ஜியா மரங்கள் அனைத்தும் வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. கிற்றார்களின் விரற்பலகைக்கு அம்மரமே பெருவழக்காக இருந்தமையால், உலகெங்கும் உற்பத்தியாளர் வேறு மரங்களைத் தேடவேண்டியதாயிற்று. 2019இல் செய்து முடிந்த இசைக்கருவிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. விரற்பலகைக்கு உகந்த மற்றொரு மரம் கருங்காலி. அதிலும் 'சிலோன் கருங்காலி' என்ற பெயர் மரச்சந்தையில் நெடுங்காலம் மதிப்புடன் வழங்கியது. நம் காட்டு மரத்தின் பெயரை உலகக் கைவினைஞர் அறிவர். நம் வீட்டுப் பிள்ளையோ கருவியைக் கண்ணாடிக்கு இப்பாலிருந்தே பார்க்கின்றான்.

இத்தகைய நெருக்கடி ஒருகாலத்தில் இங்கிலாந்துக்கும் வந்தது. இரண்டாம் உலகப் போரின் பின்னர் அந்நாட்டிலும் டொலருக்குப் பஞ்சம். அமெரிக்க இசைக்கருவிகளின் இறக்குமதி 1959 வரை தடுக்கப்பட்டிருந்தது. அக்காலத்து இளைஞர் என்ன செய்தனர்? தாய்மார் துணி துவைக்கும் நெளிதகட்டில் விரலுறை கொண்டு தாளம் எழுப்பினர். மலிவான மரக் கிற்றாரைத் தேடிப் பிடித்தனர். தாழ்ந்த சுருதிக்கு, ஒரு தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் ஒரு துடைப்பக்கட்டையை நிறுத்தி, கட்டையின் உச்சியிலிருந்து பெட்டியின் நடுவுக்கு ஒரு கயிற்றை இழுத்துக் கட்டினர். கட்டையைச் சாய்த்தால் கயிறு இறுகும் அல்லது தளரும்; அதற்கேற்பச் சுருதி ஏறி இறங்கும். 'ஸ்கிஃபிள்' எனப்பட்ட அவ்விசை 1956ஆம் ஆண்டளவில் நாடெங்கும் காட்டுத்தீப்போற் பரவிற்று. லிவர்பூல் நகரில் ஜோன் லெனன் என்ற பள்ளி மாணவன் அவ்வாண்டு தொடங்கிய 'குவாரிமென்' குழுவிலும் தேயிலைப் பெட்டி ஒன்று முழங்கியது. அக்குழுவிலிருந்தே பின்னர் 'பீட்டில்ஸ்' பிறந்தது.

அந்தப் பெட்டிகள் வந்த இடம் எது? இந்தியாவும் இலங்கையுமே அன்றோ! கண்டிக்கு அருகே லூல்கந்துரையில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிடத் தொடங்கிய காலந்தொட்டு, நம் மலைகளின் கொழுந்து கப்பலேறிச் சென்றது. வெறுமையான பெட்டி அங்கே இசைக்கருவியாயிற்று. கொழுந்து கிள்ளிய கைகளின் வழித்தோன்றலுக்கு அந்த இசையின் கருவி எட்டாமற் போவதை எண்ணும்போது மனம் சற்றுக் கசக்கவே செய்கின்றது.

ஆயினும் இக்கதையில் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. அந்த இளைஞர் தேயிலைப் பெட்டியோடு நின்றுவிடவில்லை. தடை நீங்கிய 1959இலேயே கிளிஃப் ரிச்சர்ட் தமது குழுவின் ஹாங்க் மார்வினுக்காக அமெரிக்காவிலிருந்து செந்நிற 'ஃபெண்டர்' கிற்றார் ஒன்றை வரவழைத்தார். 'தேயிலைப் பெட்டியே உனக்கு ஏற்றது. அதுவே உன் பண்பாடு' என்று அவர்களுக்கு எவரும் உபதேசம் செய்யவில்லை.

இதனைச் சொல்லக் காரணம் உண்டு. மலையக இளைஞரின் கலை பற்றிய கூட்டமொன்றில் நான் இருந்தேன். மின் கிற்றாரின் விலை பற்றி ஒருவர் குறைப்பட்டபோது, மேடையிலிருந்த பெரியவர், "கிற்றார் எதற்கு? நமக்குத்தான் தப்பு இருக்கிறதே!" என்றார். கைதட்டல் எழுந்தது. நானும் தட்டினேன், வீடு திரும்பும் வழியிலேதான் உறுத்தியது. அப்பெரியவரின் பேரன் நகரப் பாடசாலை ஒன்றில் மேலைநாட்டு இசை கற்கின்றான். வசதியுள்ள பிள்ளைக்குக் கிற்றார், வசதியற்ற பிள்ளைக்குப் பாரம்பரியம் என்று பங்கீடு செய்வது என்ன நியாயம்?

தப்பைக் குறைத்துச் சொல்வதாக எவரும் கருதவேண்டா. மலையகத்தின் காமன் கூத்துக்கு உயிர்நாடி அது. முற்காலத்தில் விடியலில் தொழிலாளரைப் பெரட்டுக்கு அழைத்ததும் அதுவே. மரண வீட்டில் முழங்கியதும் அதுவே. வளையத்தில் இழுத்துக் கட்டிய தோலை நெருப்பிற் காய்ச்சி, அது இறுகும் தருணத்தை விரலால் தட்டி அறிந்து, இரு குச்சிகளால் அடிக்கும் கலை ஒரு நாளில் வருவதன்று. ஆனால் தப்பு ஏழையின் கிற்றார் அன்று. கிற்றாரில் ஒரே வேளையில் பல சுரங்கள் இணைந்து ஒலிக்கும். பாடுவோன் அதன்மேல் ஏறி நிற்பான். தப்பு தாளத்தின் தலைவன். ஒன்றுக்கு மற்றொன்றை மாற்றாகக் கொடுப்பது, பசிக்கு உணவு கேட்டவனுக்கு நல்ல வேட்டியொன்றைக் கொடுப்பது போலாகும்.

தப்பு கற்பிக்கப்படவேண்டுமாயின், கிற்றார் உள்ள பிள்ளைக்கும் இல்லாத பிள்ளைக்கும் ஒன்றாகக் கற்பிக்கப்படுதல் வேண்டும். இதற்கு உதாரணம் கண்டியிலேயே உண்டு. தலதா மாளிகையில் முழங்கும் கெட்டபெரய, கொன்றையிலும் வேம்பிலும் கடைந்து தோல் போர்த்த முரசு. அதனை வழிவழியாக வாசித்தோரும் சாதிப்படியிற் கீழே வைக்கப்பட்டவரே. ஆயினும் கண்டிய நடனம் பாடசாலைப் பாடமாகியபின், எக்குடிப் பிள்ளையும் அந்த முரசை இடையிற் கட்டுகின்றது. தமிழ்நாட்டிலும் காலம் மாறிவருகின்றது. பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மாணவரைத் திரட்டி மட்டக்களப்பின் கூத்தை மேடையேற்றியபோது, கற்றோர் அவைக்கு மத்தளம் வந்துசேர்ந்தது. கிற்றார் வாங்க இயலாமையால் அவர்கள் மத்தளத்தை எடுக்கவில்லை. மத்தளத்தின் அருமை அறிந்து எடுத்தனர்.

அப்படியாயின் அந்தப் பையன் என்ன செய்வது? என் எண்ணத்தைச் சொல்லிவிடுகின்றேன். கடைக்காரர் சொன்ன பொக்ஸ் கிற்றாரே முதற்படி. அவர் வியாபாரத்துக்காகச் சொல்லியிருக்கலாம்; ஆனாலும் அது சரியான சொல். ஆறு தந்திகளும் அதே சுருதி. விரல்கள் பிடிக்கும் இடங்களும் அவையே. தந்தி சற்று வன்மையானது. விரல் நுனி முதலில் நோகும், பின்னர்க் காய்த்துவிடும். அதிற் பழகிய கைக்கு மின் கிற்றார் எளிதாக வசப்படும். விலை குறைவென்று பெயரறியா மின் கிற்றார் எதனையேனும் வாங்குவதை நான் ஒப்பேன். கண்டியின் ஈரக்காற்றில் அதன் கழுத்து வளைந்து தந்தி மேலெழும். பிள்ளை தன் கையையே நொந்துகொண்டு இசையை விட்டுவிடும். வயலின், மாண்டலின் ஆகியவற்றையும் எண்ணிப் பார்க்கலாம். மாண்டலினில் மின்சாரத்தை ஏற்றிக் கருநாடக இசையையே வாசித்துக்காட்டினார் உ. ஸ்ரீநிவாஸ். ஆனால் கிற்றார் கேட்கும் பிள்ளையிடம் அதைத் திணித்துப் பயனில்லை. இசைக்கருவியைத் தெரிவது காதின் வேலை.

நம் நாட்டிலும் 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்தது. அதே பத்தாண்டிலேதான் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் ஈழத்துத் தமிழ்ப் பொப் இசையை வீடுதோறும் கொண்டுசேர்த்தனர். பஞ்சம் இசையை வளர்க்கும் என்று நான் சொல்ல வரவில்லை. பஞ்சம் எதனையும் வளர்ப்பதில்லை. கையிலுள்ள கருவியோடு தொடங்குவது தோல்வியன்று என்பதே என் பேச்சு.

மின் கிற்றாரைத் தனியொருவன் வாங்கவேண்டும் என்று எங்கே எழுதியிருக்கின்றது? தோட்டத்து வாசிகசாலை வாங்கலாம். கோயில் திருவிழாவுக்கு ஒரே இரவில் ஒலிபெருக்கிக்கும் மின்விளக்குக்கும் செலவிடும் சபையார், ஒரு கிற்றாரும் ஒரு பெட்டியும் வாங்கி, முறைவைத்துப் பத்துப் பிள்ளைகளிடம் கொடுக்கலாம். அரசாங்கமும் மாணவருக்கான இசைக்கருவிகளின்மீது 18 சதவீத வரி வேண்டுமா என்று ஒருமுறை யோசிக்கலாம். அதனால் திறைசேரி நொடிந்துவிடாது.

சென்ற வாரம் அக்கடைப் பக்கம் மறுபடி போக நேர்ந்தது. செந்நிறக் கிற்றார் அதே இடத்தில் தொங்கியது. பையனைப் பற்றி விசாரித்தேன். இரண்டு நாள் கழித்துத் தனியே வந்தானாம். பொக்ஸ் கிற்றார் ஒன்றை அரைமணி நேரம் மடியில் வைத்துப் பார்த்துவிட்டு, இரண்டாயிரம் ரூபா முற்பணம் கொடுத்துப் போயிருக்கின்றான். கடைக்காரர் அக்கருவியைக் கீழே இறக்கி, ஒரு கடதாசித் துண்டில் அவன் பெயரை எழுதி ஒட்டி, உள்ளறையில் வைத்திருந்தார்.

"போகும்போது ஒண்ணு கேட்டான் ஐயா" என்றார். "காசு சேர்ந்த பிறகு இதுக்கே கரண்டு கனெக்சன் போட்டுத் தரலாமான்னு."

"என்ன சொன்னீர்கள்?"

"போடலாம்னு சொன்னேன். போடலாந்தானே?"