சோற்றைக் குறைக்கலாம், ஊசியை நிறுத்தக் கூடாது

எந்தக் கல்யாணப் பந்தியிலும் பக்கத்து இலையில் இப்படி ஒருவர் உட்கார்ந்திருப்பார். "சோறு, இட்லி எல்லாத்தையும் விடுங்க. முட்டை, கறி, கீரை போதும். ரெண்டே மாசத்துல மருந்தையெல்லாம் தூக்கிப் போட்டுடலாம்!" அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அப்படி நடந்திருக்கலாம். ஏனென்றால் அவருக்கு இருப்பது டைப் 2. ஆனால் எதிர் வரிசையில் உட்கார்ந்து இதைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பவர், டைப் 1 வந்த ஒரு பையனின் அம்மாவாக இருந்தால்?

இரண்டுக்கும் 'சுகர்' என்று ஒரே பெயர் வைத்ததில்தான் பாதிக் குழப்பம். டைப் 2-ல் கணையம் இன்சுலின் சுரக்கிறது. உடம்பு அதற்குச் சரியாகக் கட்டுப்படுவதில்லை. மாவுச்சத்தைக் குறைத்தால் கணையத்தின் சுமை குறையும், பலருக்கு மருந்தும் குறையும். டைப் 1 கதையே வேறு. உடம்பின் நோய் எதிர்ப்பு சக்தியே இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களைத் தாக்கி அழித்துவிடுகிறது. அங்கே சுமையைக் குறைத்து என்ன பயன்? சுமப்பதற்கே ஆள் இல்லை.

"மாவே சாப்பிடாவிட்டால் இன்சுலின் எதற்கு?" என்று உடனே ஒரு கேள்வி வரும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பதில் கல்லீரலில் இருக்கிறது. பட்டினி கிடந்தாலும் கல்லீரல் குளுக்கோஸை ரத்தத்தில் விட்டுக்கொண்டேதான் இருக்கும். அதற்குக் கடிவாளம் இன்சுலின். உடம்பின் கொழுப்பு கட்டுமீறிக் கரையாமல் பிடித்து வைப்பதும் அதே இன்சுலின்தான். அது இல்லாவிட்டால் கொழுப்பு மளமளவென்று கரைந்து, கீட்டோன்கள் குவிந்து, ரத்தம் அமிலமாகும். வாந்தி, மேல்மூச்சு, மயக்கம், கடைசியில் மரணம். இதற்கு மாதக்கணக்கு வேண்டாம். ஓரிரு நாள் போதும்.

உலகம் இந்தச் சோதனையை ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டது. இன்சுலின் வருவதற்கு முன்பு அமெரிக்காவில் ஃபிரெடெரிக் ஆலன் என்ற மருத்துவர் பட்டினி வைத்தியம் செய்தார். மாவுச்சத்தை மட்டுமல்ல, மொத்தச் சாப்பாட்டையே வெட்டினார். வேறு வழி இல்லாத காலம் அது. அவரிடம் சிகிச்சை பெற்றவர்களில் ஒருவர் எலிசபெத் ஹியூஸ், அமெரிக்க வெளியுறவுச் செயலராக இருந்த சார்லஸ் எவான்ஸ் ஹியூஸின் மகள். 1919-ல் நோய் வந்தது. 1922 ஆகஸ்டில் டொரான்டோவுக்கு பான்டிங்கிடம் போய்ச் சேர்ந்தபோது எடை சுமார் 20 கிலோ. வயது 14! இன்சுலின் போட்ட பிறகு அவர் 1981 வரை வாழ்ந்தார். உணவுக் கட்டுப்பாடு மூன்று வருஷம் உயிரை இழுத்துப் பிடித்தது. இன்சுலின் கிட்டத்தட்ட அறுபது வருஷ வாழ்க்கையைக் கொடுத்தது.

அப்படியானால் டைப் 1 உள்ளவர்களுக்கு மாவுச்சத்தைக் குறைப்பது வீண் வேலையா? இல்லை. ரிச்சர்ட் பெர்ன்ஸ்டீனுக்கு 1946-ல், 12 வயதில் டைப் 1 வந்தது. படித்தது இன்ஜினியரிங். வீட்டில் குளுக்கோமீட்டர் வைத்துக்கொள்வது கனவாக இருந்த 1969-ல், டாக்டரான மனைவி மூலம் ஒன்றை வாங்கித் தன் ரத்தத்தைத் தானே சோதித்தார். பிறகு நாற்பது வயதுக்கு மேல் மருத்துவம் படித்து டாக்டரானார். அவர் சொன்ன கணக்கு எளிது. 80 கிராம் மாவுச்சத்து உள்ள சோற்றை 20 சதவீதம் தப்பாக மதிப்பிட்டால் பிழை 16 கிராம். 10 கிராம் உள்ள கீரை, காயில் அதே பிழை 2 கிராம்தான். பிழை சிறிதானால் இன்சுலின் அளவில் வரும் தவறும் சிறிது. சுகர் ஏறி இறங்குவதும் குறைவு. நாளுக்கு 30 கிராம் என்று வைத்துக்கொண்டு வாழ்ந்தவர், 2025-ல் 90 வயதில் காலமானார். இதில் கூத்து என்னவென்றால், அவர் பெயரைச் சொல்லி 'இன்சுலின் வேண்டாம்' என்று கிளம்புகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: அந்த மனிதர் கடைசிவரை ஊசியை விடவே இல்லை.

2018-ல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் வந்த ஆய்வில், இப்படிச் சாப்பிடும் டைப் 1 உள்ள 316 பேரின் சராசரி ஹெச்.பி.ஏ.1சி 5.67 சதவீதம். அருமையான எண். ஆனால் அவர்கள் தாங்களாக முன்வந்த, மிகுந்த அக்கறை உள்ளவர்கள். எல்லோருக்கும் அப்படியே வரும் என்று அது நிரூபிக்கவில்லை. அவர்களும் இன்சுலின் போட்டுக்கொண்டவர்கள்தான்.

அடுத்த குட்டு டாக்டர்களுக்கு. "அதெல்லாம் கூடாது" என்று ஒரே வரியில் விரட்டினால் நோயாளி கேட்டுக்கொள்வார் என்று யார் சொன்னது? வீட்டுக்குப் போய் ரகசியமாகச் செய்வார். சோறு பாதியாகும், ஊசி மட்டும் பழைய அளவிலேயே இருக்கும். நடுராத்திரியில் லோ சுகர் வந்து வேர்த்துக் கொட்டும். திட்டுகிற நேரத்தில் சொல்லிக்கொடுக்கலாமே: சாப்பாட்டு நேர இன்சுலினை எவ்வளவு குறைப்பது, நாள் முழுக்க வேலை செய்யும் இன்சுலினை ஏன் நிறுத்தவே கூடாது, கறியும் முட்டையும்கூடச் சில மணி நேரம் கழித்து ஏன் சுகரை ஏற்றும், காய்ச்சல் வாந்தி வந்தால் கீட்டோன் எப்படிப் பார்ப்பது. லோ சுகர் வந்தால் டயட்டையெல்லாம் ஓரம் கட்டிவிட்டு உடனே குளுக்கோஸ் சாப்பிட வேண்டும் என்பதையும் சேர்த்துத்தான். வளரும் பிள்ளைகள் என்றால் உயரம், எடை, எல்லாவற்றையும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். டாக்டரும் உணவு நிபுணரும் கூட இல்லாமல் தொடங்கவே கூடாது.

ஆக, மாவுச்சத்தைக் குறைக்கிற டைப் 1 நோயாளிக்கு இன்சுலின் குறைவாகத் தேவைப்படலாம். இன்சுலினைப் பற்றிய அறிவு மட்டும் மற்றவர்களைவிட அதிகமாகத் தேவை. அதைக் கொடுக்காமல் விரட்டுவதும் தப்பு, அது வேண்டவே வேண்டாம் என்று உபதேசம் செய்வது அதைவிடப் பெரிய தப்பு.

பந்தியில் வைத்தியம் சொல்கிறவர்கள் வாயைத் திறக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "எந்த வகை சுகர்?" பதில் டைப் 1 என்று வந்தால், இன்சுலினைப் பற்றிப் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்திருக்கட்டும். அவர்கள் விளையாட்டாகச் சொல்வதை நம்பி ஊசியை நிறுத்தப்போவது அடுத்தவர் வீட்டுப் பிள்ளை.