மாமாக் கடையும் பரோட்டா மாஸ்டரும்

வெளிநாடு போகிறவர் முதலில் தேடுவது தங்க ஓர் இடம். அடுத்துத் தேடுவது நம்ம ஊர்ச் சாப்பாட்டுக் கடை. மலேசியாவுக்குப் போகும் தமிழருக்கு இந்தத் தேடல் பெரும்பாலும் தெருமுனை மாமாக் கடையில் முடிந்துவிடும். தமிழின் "மாமா"தான் அங்கே "மாமாக்" ஆனது. மலாய்க்காரர்களும் சீனர்களும்கூடத் தமிழ் முஸ்லிம்களின் கடையை அப்படித்தான் சொல்கிறார்கள்.

இந்தக் கடைகளுக்கும் ராமநாதபுரம் கடற்கரைக்கும் நெருங்கிய உறவு உண்டு. வானம் பார்த்த பூமி. கீழக்கரை, தேவிபட்டினம், பனைக்குளம், தொண்டி என்று கடலோர ஊர்களிலிருந்து பல தலைமுறையாகக் கப்பலேறிப் போனார்கள். பினாங்குத் துறைமுகத்தில் தோளில் காவடி போலக் கம்பு வைத்து, இருபுறமும் சோறும் குழம்பும் தூக்கி விற்றதுதான் "நாசி கண்டார்". நாசி என்றால் சோறு, கண்டார் என்றால் காவடிக் கம்பு. அங்குள்ள ஹமீதியா உணவகம் 1907-லிருந்து நடக்கிறது.

சரி, அங்கே கிடைப்பது ஊர்ச் சுவையா? இல்லை. பரோட்டா ரொட்டி சானாய் ஆகிவிட்டது. டீயில் டின் பால். ஆனாலும் வீடு போல இருக்கிறதே, ஏன்? ஒரு டீயை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் யாரும் எழுப்புவதில்லை. பல கடைகள் விடிய விடியத் திறந்திருக்கும். "தம்பிக்கு எந்த ஊரு?" என்று கேட்க ஓர் ஆள் இருப்பார். வீட்டு நினைப்பு நாக்கில் இல்லை, இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் அடங்கிய மலேசியக் காலை உணவுப் பண்பாட்டை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. பெருமைதான். ஆனால் அந்த ரொட்டியை வீசுகிறவர் யார்?

2019 ஜனவரி முதல் உணவகங்களில் உள்ளூர்ச் சமையல்காரர்களே இருக்க வேண்டும் என்று 2018-ல் அன்றைய மனிதவள அமைச்சர் எம். குலசேகரன் அறிவித்தார். எதிர்ப்பு கிளம்பியதும் அது வெறும் யோசனை என்று ஆகிப்போனது. அந்த விவாதத்தில் சுவை கெட்டுவிடுமா என்று பேசினார்கள், ஆள் கிடைக்குமா என்று பேசினார்கள். அந்தச் சமையல்காரரின் குடும்பம் எங்கே என்று பேசியவர்கள் குறைவு. தற்காலிக வேலை அனுமதியில் வருகிறவர் மனைவி மக்களை அழைத்துவர முடியாது. ஊரில் பிள்ளை வளர்வதை அவர் போனில்தான் பார்க்கிறார்.

அடுத்தவருக்கு வீடாக இருக்கும் கடை, அதில் வேலை செய்கிறவருக்கு மட்டும் வீடாக இல்லை. வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு என்று அந்த நாட்டின் 1955-ஆம் வருட வேலைச் சட்டமே சொல்கிறது. அது ஏட்டோடு நின்றுவிடக் கூடாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது சம்பளத்தோடு ஊருக்குப் போய்வர விடுப்பும் வேண்டும். "எந்த ஊரு?" என்று கேட்கும் மாஸ்டரிடம், "கடைசியா எப்ப ஊருக்குப் போனீங்க அண்ணே?" என்று சாப்பிட வருகிறவரும் திருப்பிக் கேட்கலாமே!