கம்பளி வாங்க ஆஸ்திரேலியா வரை போகணுமா?

பெங்களூரில் சனி, ஞாயிறு ஆனால் பிள்ளைகளை ஏதாவது ஒரு வகுப்பில் கொண்டுபோய் விடுவது நம்மாட்களின் வழக்கம். பாட்டு, பரதம், கராத்தே வரிசையில் இப்போது கம்பளி வேலையும் சேர்ந்திருக்கிறது. மரச்சட்டத்தில் சுவர்த் தொங்கல் நெய்வது ஒன்று, ஃபெல்டிங் இன்னொன்று. நல்ல விஷயம்தான், அந்த ரெண்டு மணி நேரமாவது செல்போன் கையில் இருக்காது. என் வருத்தம் வேறு. எங்கள் வீட்டுக்கு வந்த பெட்டியின் மேல் ‘ஆஸ்திரேலிய மெரினோ’ என்று போட்டிருந்தது.

ஃபெல்டிங் என்றால் தறியும் வேண்டாம், நூலும் வேண்டாம். ஆட்டு ரோமத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. சுடுதண்ணீரும் சோப்பும் விட்டுத் தேய்த்தால் அவை ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு கெட்டித் துணியாகிவிடும். முள் வைத்த ஊசியால் குத்திக் குத்தியும் செய்யலாம்.

இந்த ரோமத்துக்கு நாம் கடல் தாண்ட வேண்டுமா? இங்கிருந்து சுமார் 200 கிலோமீட்டரில் சித்ரதுர்கா மாவட்டம், சள்ளகெரே. தக்காணி ஆட்டின் கறுப்புக் கம்பளியைப் பெண்கள் கையால் நூற்க, குருபர் சமூகத்தார் கம்பளி நெய்கிற ஊர். நம்ம பக்கம் பாவுக்கு அரிசிக் கஞ்சி போடுவோம், அங்கே புளியங்கொட்டைக் கஞ்சி. இப்போது அந்தக் கம்பளியை வாங்க ஆள் குறைந்துவிட்டது. தக்காணத்தின் பல இடங்களில் கத்தரிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாமல் ரோமத்தை வீசிவிடுகிறார்கள். கறிக்காக ரோமமில்லாத ஆட்டு இனங்களோடு கலப்பதால் இந்த இனமே தேய்ந்துகொண்டு வருகிறது.

‘அது சொரசொரன்னு குத்துமே’ என்பீர்கள். உண்மைதான். கழுத்தில் சுற்றும் துணிக்கு மெரினோதான் சரி. ஆனால் சுவரில் தொங்குவதற்கும், பைக்கும், ஊசியால் குத்திச் செய்யும் யானை பொம்மைக்கும் மென்மை எதற்கு? அங்கே முரட்டு இழைதான் உருவத்தை நிறுத்தி வைக்கும்.

‘கலைன்னா நல்ல பொருள் வேணும்’ என்பவர்களுக்கு மிருணாளினி முகர்ஜியைச் சொல்வேன் (1949–2015). சாதாரணச் சணல் கயிற்றைச் சாயம் தோய்த்து, தறியே இல்லாமல் கையால் முடிச்சு முடிச்சாகப் போட்டு ஆளுயரத்துக்கும் மேலே உருவங்கள் செய்தவர். 2019-ல் நியூயார்க்கின் மெட் ப்ரூயரில் அவருடைய வேலைகளைப் பெரிய கண்காட்சியாக வைத்தார்கள். பரோடாவில் அவருக்கு ஆசிரியர் கே.ஜி. சுப்ரமணியன், கேரளத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 1959 முதல் 1961 வரை கைத்தறி வாரியத்தில் வேலை பார்த்தவர். கையருகே கிடக்கிற பொருளை மதிக்கத் தெரிந்த குருவும் சிஷ்யையும்.

நமக்கும் இதில் பங்கு உண்டு. பவானி, சென்னிமலை, சேலம் என்று தறிச் சத்தம் கேட்டு வளர்ந்துவிட்டு இங்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் எத்தனை பேர்! ஊடை நூல் பாவை முழுசாக மூடிவிடும்படி அடித்து நெருக்குகிற நெசவை, வகுப்பில் ‘டாபஸ்ட்ரி’ என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். பவானி ஜமக்காளமும் அந்த வழிதானே? கல்யாண வீட்டில் அதன் மேல்தான் உருண்டு புரண்டோம். பிள்ளைகளுக்கு அதை யார் சொல்வது?

அதனால் வகுப்பை நிறுத்தச் சொல்லவில்லை. அடுத்த முறை பணம் கட்டும்போது, ‘தக்காணிக் கம்பளி கிடைக்குமா?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பத்து அம்மாக்கள் கேட்டால் பதினோராவது வாரம் வரவழைத்துவிடுவார்கள், இது பெங்களூர்! பாவுக்கு ஈரோட்டுப் பருத்தி நூல், ஊடைக்குச் சள்ளகெரே கம்பளி. பிறந்த ஊரும் பிழைக்கிற ஊரும் ஒரே சட்டத்தில். அதைப் பிள்ளை தன் கையால் நெய்யட்டும்.